சரிபார்க்கப்படாத குறிப்பு

இடம்: கொர்ப்பியோயா தொழிலாளர் மன்றம், பின்லாந்து.
நாள்: 1918, ஏப்ரல் ஏழு, இரவு பத்து தாண்டி.
வந்திருந்தோர் எண்பத்து மூன்று பேர்.
எழுதியவள் ஹுல்தா, மரவாடியில் கணக்கெழுதுபவள்.

ஊர் இரண்டுபட்டிருந்தது.
கூத்தாடிக்குக் கொண்டாட்டம் ஒன்றுமில்லை.
பிப்ரவரியில் போடவிருந்த நாடகத்தின் திரைச்சீலை மட்டும்
மேடையில் தொங்கியது:
தீட்டிய பிர்ச் மரங்கள், தீட்டிய கோடை.
அதன் முன்னே நின்று
விஹ்தோரி உத்தரவைப் படித்தான்.

மேலிடத்து உத்தரவு. தட்டச்சு. ஊதா மை.
"விடிகாலை நான்கு மணிக்கு
பீரங்கியுடன் ஏரிப் பனியைக் கடந்து
தேவாலய மேட்டைப் பிடிக்கவும்."
அவ்வளவுதான்.
தேதியைப் பார்த்தேன். நான்கு.
மூன்று நாள் குதிரைமேல் வந்த காகிதம்.
அந்த மூன்று நாளும் நல்ல வெயில்.

விஹ்தோரி ஜனவரி வரை
ரம்பத்துக்கு எண்ணெய் விட்டவன்.
குரல் பெரிது, கை சுத்தம் என்று
நாங்கள்தான் தளபதியாய்த் தேர்ந்தோம்.
"விவாதம் உண்டா?" என்றான்.
எங்கள் பக்கம் உத்தரவுக்கும் விவாதம் உண்டு.
அக்கரையில் கிடையாது.
அங்கே என் தங்கை கணவன் இருக்கிறான்,
வாய் திறக்குமுன் குதிகால் தட்டுகிறவன்.

வலைக்கார ஈவரி எழுந்தான்.
தொப்பியைக் கழற்றிப் பிசைந்துகொண்டே சொன்னான்:
"ஏப்ரல் பனி பொய் சொல்லும்.
முழத் தடிமன் காட்டும்,
உள்ளே ஊசி ஊசியாய்ப் பிரிந்து கிடக்கும்.
விடியற்குளிரில் ஆளைத் தாங்கும்,
பத்தடி விட்டுப் பத்தடி நடந்தால்.
பீரங்கியைத் தாங்காது.
திரும்பி வருகிற நேரத்துக்கு
யாரையும் தாங்காது."

"அப்போ திரும்ப வேண்டாம்" என்றான் எயினோ.
பதினேழு வயது.
சிரித்தார்கள்.
சிரிப்பைக் குறிப்பில் எழுதுவதில்லை.

வரைபடம் கேட்டார்கள்.
இருந்தது பள்ளிக்கூட அட்லஸ்.
அதில் எங்கள் ஏரி ஒரு நீலக் கடுகு.
எமெலி விரலை வைத்துக் காட்டினான்.
ஏரி மறைந்தது, மேடு மறைந்தது,
மன்றமும் நாங்களும் நகத்துக்கு அடியில்.

இங்கேயே ரயில் பாலத்தைப் பிடித்து நிற்போம்
என்பது இரண்டாம் தீர்மானம்.
விஹ்தோரி அதை ஆதரித்தான்.
"தளபதியாய் அல்ல, உறுப்பினனாய்ச் சொல்கிறேன்."

அப்போது சமையற்கட்டிலிருந்து லெம்பி,
கையில் கரண்டியோடு:
"கிழக்குப் படைக்கும் இதே தாள் போயிருக்கும்.
நாலு மணிக்கு அவர்கள் இறங்குவார்கள்.
நாம் இங்கே கம்பு டீ குடித்துக்கொண்டிருப்போமா?"

வாக்கெடுப்பு.
போவதற்கு நாற்பத்திரண்டு.
நிற்பதற்கு நாற்பத்தொன்று.
இரண்டு முறை எண்ணினேன்.
என் கை எதற்கு உயர்ந்தது என்று
குறிப்பில் இல்லை. எழுதுகிற மரபு இல்லை.

"சரி. முன்னால் நான்" என்றான் விஹ்தோரி.
அதற்கு வாக்கெடுக்கவில்லை.
பீரங்கி இக்கரையில் நிற்கும்: ஒருமனதாக.
இதர விஷயங்கள்: விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது,
எமெலி கேட்டுப் பார்ப்பான்.

கிழக்குப் படையின் எழுத்தரை
ஜூலையில் கைதி முகாமில் பார்த்தேன்.
ஒரே ஓட்டைக் கிண்ணத்தில் இருவருக்கும் கூழ்.
அன்றிரவு அவர்களும் கூடினார்களாம்,
அவர்களும் கையுயர்த்தினார்களாம்.
"நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தோம்" என்றாள்.
கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.
அதற்குமேல் பேச அவளுக்கும் நா எழவில்லை.

குறிப்பு என்னிடம்தான் இருக்கிறது,
பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்தது.
உறுப்பினர் இருவர் படித்துப் பார்த்து
சரி என்று கையெழுத்திட வேண்டும்.
ஈவரியையும் எயினோவையும் தேர்ந்திருந்தோம்.
காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

இரண்டு கோடு போட்டு வைத்தேன்.
ஈவரியின் கோடு சற்று நீளம்.
அவன் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவான்,
இடம் பிடிக்கும்.